கைக்குழந்தையோடு அட்வென்டிஸ்ட் முகாம் கூட்டத்துக்குப் போகலாமா?

கணவர் வீட்டார் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை, அதாவது சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்து ஆராதிக்கிற கிறிஸ்தவ சபை. கோயமுத்தூர் பக்கம் மே மாதம் வெள்ளி முதல் ஞாயிறு வரை நடக்கும் முகாம் கூட்டத்துக்கு மூன்று வயதுப் பையனையும் எட்டு மாதக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறார்கள், சமாளிக்க முடியுமா, நகை போட்டுக்கொண்டு போனால் ஏதாவது சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்க. ஆனால் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே வீட்டுக்காரரோடு ஒன்றை மட்டும் பேசி முடித்துவிடுங்கள். எந்த நேரத்துக்கு யார் குழந்தையைப் பார்ப்பது என்று. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பார்த்துக்கொள்வது நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

நீங்கள் வேறு இடத்திலிருந்து கல்யாணமாகி இந்தச் சபைக்குள் வந்தவர் என்று நினைக்கிறேன். இதிலேயே பிறந்திருந்தால் நகையைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் பிறந்ததே இதில்தான். தாராபுரம் பக்கம். என் அப்புச்சி காலத்தில் சனிக்கிழமை ஆராதனைக்கு மாறிய குடும்பம். எங்களுக்கு ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது தொடங்கி சனிக்கிழமை பொழுது சாயும்போது முடியும். ஊரில் 'சனிக்கிழமைக்காரங்க' என்றால் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். சொந்தத்தில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்களும் உண்டு, மாரியம்மன் கோயிலுக்குத் தீர்த்தக்குடம் எடுக்கிறவர்களும் உண்டு. எங்களைக் கேலி பேசுவதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் நல்ல ஒற்றுமை. சனியா ஞாயிறா என்று சண்டை போட நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு கேள்விக்குப் போய்விடுங்கள். இவர் கேட்டது குழந்தையைப் பற்றி.

இந்தக் கூட்டம் எங்கள் சபையில் ரொம்பப் பழைய வழக்கம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ரைட் என்ற ஊரில் 1868-ல் கூடாரம் போட்டு முதல் கூட்டம் நடத்தினார்கள். சபை முறையாக அமைப்பானதே 1863-ல்தான் என்பதால், கிட்டத்தட்ட சபைக்கும் கூட்டத்துக்கும் ஒரே வயது. இங்கே கூடாரம் எல்லாம் கிடையாது. ஒரு பள்ளிக்கூட மைதானம், ஷாமியானா பந்தல், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, தலையில் காற்றடிக்காமல் கால்மாட்டில் அடிக்கும் ஃபேன். இரவில் வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரிப்பார்கள். சின்ன வயதில் எனக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் இதுதான். அத்தை பிள்ளைகள், கூடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள், ஈரோட்டுப் பிள்ளைகள் என்று ஒரு படையே சேரும்.

என் அம்மாவிடம் அந்தக் கூட்டங்களைப் பற்றிக் கேட்டால் ஒரு பிரசங்கம்கூடச் சொல்லத் தெரியாது. யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், ஒன்றும் நினைவில்லை. "அந்த ஸ்கூல்ல கெழக்கால கொழாய்ல மட்டுந்தான் தண்ணி வரும் கண்ணு, விடிய நாலு மணிக்கே போய் நிக்கோணும்" என்பார். அத்தனை வருஷக் கூட்டத்தில் அம்மாவுக்கு மிஞ்சியது அந்தத் தண்ணீர்க் குழாய். அப்பாவோ பிரசங்கத் தலைப்பு, வசனம், பாடின பாட்டு என்று வரிசையாகச் சொல்வார். இதற்குக் காரணம் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது.

மகளுக்கு நாலு வயது, பையனுக்குப் பத்து மாதம் இருந்தபோது நாங்கள் குடும்பமாகப் போனோம். திருப்பூரிலிருந்து கிளம்பினோம். வெள்ளிக்கிழமையை எங்களில் ஆயத்த நாள் என்போம். பொழுது சாய்வதற்குள் சமையல், துணி துவைப்பது, கடைக்குப் போவது எல்லாம் முடிந்துவிட வேண்டும். மே மாதம் எங்கள் பக்கம் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் பொழுது சாயும். அதற்குள் போய்ச் சேர்ந்து, இடம் பிடித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஓய்வுநாளை வரவேற்கப் பந்தலில் உட்கார வேண்டும். மதியமே கிளம்பினால்தான் ஆகும். நாங்கள் கிளம்பியது நாலரை மணிக்கு. காரணம் என் வீட்டுக்காரரின் கம்பெனி.

இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் அடுத்த பத்திக்குத் தாண்டிவிடுங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம், பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம் போடுவார்கள். என் வீட்டுக்காரர் கட்டிங் பகுதியில் இருந்தார். சனிக்கிழமை வரமாட்டேன், அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்கிறேன் என்று சேரும்போதே பேசித்தான் சேர்ந்தார். சரி என்றார்கள். ஆனால் சம்பளத்தைத் திங்கட்கிழமை போய் வாங்கப்போனால் கணக்குப் பார்க்கிறவர், "வாங்க சனிக்கிழமைச் சாமியார்" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டு, டீ குடித்து, போன் பேசி, அரை மணி நேரம் நிற்கவைத்துத்தான் கவரை எடுப்பார். எங்கள் காசு, நாங்கள் உழைத்த காசு. தீபாவளி போனஸில் 'சனிக்கிழமை லீவு' என்று பிடித்தம் வேறு. ஞாயிற்றுக்கிழமை வந்த கணக்கு அவர்கள் நோட்டில் ஏறவே இல்லை. கூட்டத்துக்குப் போகிற வெள்ளிக்கிழமை மதியம் லீவு சொல்லிவைத்திருந்தும், கன்டெய்னர் லோடு ஆகிறது என்று நாலு மணி வரைக்கும் விடவில்லை. அந்தக் கம்பெனியை விட்டு வந்தாச்சு, இப்போது நிம்மதி. ஆனால் எந்தக் கம்பெனி என்று கேட்டுத் தனிச்செய்தி அனுப்பாதீர்கள். சொல்லமாட்டேன்.

அப்புறம், பள்ளிக்கூடத்துச் சனிக்கிழமைத் தேர்வுகளைப் பற்றி ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. அதை விடுங்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடையில் ஓய்வுநாள் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். இருட்டிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் "ஹேப்பி சபாத்" என்று கை கொடுக்கிறார்கள். எனக்கோ கையில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொரு பிள்ளை. பெண்களுக்கு ஒரு கட்டடம், ஆண்களுக்கு ஒரு கட்டடம். வீட்டுக்காரர் பைகளைத் திண்ணையில் வைத்துவிட்டு, "ஏதாச்சும்னா போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். ராத்திரி முழுக்கப் பையன் கொசுக்கடியில் அழுதான். மகள் புது இடத்தில் தூங்காமல் மூணு தடவை பாத்ரூம் போனாள். விடிந்ததும் அவர் தலைக்குக் குளித்து, சட்டையை இன் செய்து, பைபிளோடு வந்து "நல்லாத் தூங்குனியா?" என்று கேட்டார் பாருங்கள். அந்த நிமிஷம் ஓய்வுநாளாகப் போயிற்று, இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பேனோ.

உடனே 'கணவரைப் பொதுவெளியில் குறை சொல்கிறாள்' என்று யாரும் வரவேண்டாம். எழுதியதும் அவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார்.

சனிக்கிழமை காலையில் பாலில் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை காய்ச்சி ஃபிளாஸ்க்கில் ஊற்றிவைத்த பால் திரிந்துவிட்டது. மே மாத வெயிலுக்கு அது நிற்குமா? மகளுக்குக் காலையில் பால் உள்ளே போகாவிட்டால் ஒன்றும் ஓடாது. சமையல் பந்தலில் போய்க் கேட்டேன். இருந்த பாலெல்லாம் மதியப் பாயசத்துக்குப் போய்விட்டதாம். எங்கள் கூட்டங்களில் டீ, காப்பி கிடையாது, அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் பாலும் அளவாகத்தான் வாங்குவார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பேக்கரி. நம் ஊரில்தான் சந்துக்குச் சந்து பேக்கரி இருக்கிறதே. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டுக்கிட்ட ஒரு பெரியம்மா, வெள்ளைச் சேலை, முக்காடு, "ஓய்வுநாள்ல கடைக்கா போற சாமீ?" என்றார். குரல் என்னவோ கனிவுதான், பார்வையில் அந்தக் கனிவு இல்லை. "பாப்பாவுக்குப் பாலுங்க பெரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் வாங்கிவந்தேன்.

நாளைக்கும் அதே நிலைமை வந்தால் வாங்குவேன். குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளில் தூக்கிவிடமாட்டீர்களா என்று மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில் இயேசுவே கேட்கிறார். ஆட்டுக்கு உண்டு, என் மகளுக்கு ஒரு பாக்கெட் பால் கிடையாதா? யாராவது நெகேமியா 13-ஆம் அதிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அது ஓய்வுநாளில் எருசலேமுக்குள் சரக்கு கொண்டுவந்து மீனும் தானியமும் விற்றவர்களைப் பற்றியது. நான் கடை போடவில்லை. ஆனாலும் இந்தப் பேச்சே வேண்டாம் என்றால் பால்பவுடர் எடுத்துப்போங்கள். சின்னவனுக்குக் கேழ்வரகு மாவைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போனால் சமையல் பந்தலில் வெந்நீர் கிடைக்கும்.

உங்கள் மூன்று வயதுக்காரனைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஓய்வுநாள் பள்ளி பிள்ளைகளுக்கு வயதுவாரியாகத் தனித்தனியாக நடக்கும். உங்கள் பையன் கிண்டர்கார்டன் பிரிவில் சேர்ந்துவிடுவான். பலகையில் ஃபெல்ட் துணி ஒட்டி, அதில் நோவா பேழை, ஒட்டகச்சிவிங்கி, யானை என்று படம் படமாக ஒட்டிக் கதை சொல்வார்கள். மனப்பாட வசனத்துக்குச் சைகையோடு பாட்டு. என் மகள் ஒட்டகச்சிவிங்கியைப் பலகையிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு தரவேமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அந்த டீச்சரம்மா கோபிக்கவில்லை, "சரி, நோவா தாத்தா கதவச் சாத்துறதுக்குள்ள நீயே கொண்டாந்து ஏத்தி விடு சாமீ" என்றார். கதை முடிகிற நேரத்தில் ஓடிப்போய் ஒட்டிவிட்டு வந்தாள். கழுத்தில் மஞ்சள் ஸ்கார்ஃப் கட்டிய பாத்ஃபைண்டர் பிள்ளைகள் (எங்கள் சபையின் சாரணர் படை மாதிரி) அணிவகுத்து வந்ததைப் பார்த்து, திருப்பூர் வந்தும் பல நாள் என் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் மார்ச் பாஸ்ட் நடத்தினாள்.

கஷ்டம் சின்னவனோடுதான், அதுவும் முக்கிய ஆராதனையில். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்வார், பக்கத்தில் நிற்பவர் தமிழில் சொல்வார். இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி அமைதி இருக்குமல்லவா? அந்த ஒரு நொடியை என் பையன் கண்டுபிடித்துவிட்டான். ஆங்கிலம் முடிந்ததும் "ஆஆ!" என்று ஒரு சத்தம். அப்புறம் தமிழ். மறுபடி "ஆஆ!". அவன் அழவில்லை, மூன்றாவது மொழிபெயர்ப்பாளன் மாதிரி உற்சாகமாகத்தான் இருந்தான். முன்வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிரசங்கியாரே சிரித்தார். ஆனால் பேட்ஜ் குத்திய ஒரு தம்பி குனிந்து வந்து, "அக்கா, பாப்பாவ கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போறீங்களா" என்றான். பாவம், அவனை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நான் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் இடதுகையால் 'வெளிய போ, வெளிய போ' என்று சைகை காட்டினார். வலதுகையில் பேனா. குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

போனேன். தாய்மார் அறை என்று எழுதி ஒட்டியிருந்த எல்.கே.ஜி. வகுப்பறை. குழாய் ஸ்பீக்கர் மைதானத்தைப் பார்த்துக் கட்டியிருந்ததால், உள்ளே பிரசங்கம் பக்கத்து ஊர்க் கல்யாண வீட்டுச் சத்தம் மாதிரிதான் கேட்டது. நாலைந்து அம்மாக்கள் குட்டி நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் கிணத்துக்கடவு, ஒருத்தர் சத்தியமங்கலம், இன்னொருத்தர் நாமக்கல்லில் நர்ஸ். யார் வீட்டில் மாமியார் நல்லவர், எந்தப் பள்ளியில் சனிக்கிழமை வகுப்புக்கு விலக்குத் தருகிறார்கள், பல் முளைக்கும்போது என்ன செய்வது என்று எல்லாம் பேசினோம். சத்தியமங்கலத்துக்காரர் கொண்டுவந்த கச்சாயத்தை ஆளுக்கு ஒன்று கொடுத்தார். உண்மையைச் சொல்லவேண்டும், அந்த மூன்று நாளில் எனக்கு ஐக்கியம் என்று கிடைத்தது அந்த அறையில்தான். ஆனால் பிரசங்கம் கேட்கத்தான் நான் போனேன். வாரம் பூரா அடுப்படியும் பிள்ளைகளுமாகக் கிடந்துவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து வசனம் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுவது பேராசையா?

மதியம் சாப்பாடு சைவம்தான். சாம்பார், பொரியல், ரசம், மோர், அந்தப் பாயசம். சாப்பிட்டு முடித்ததும் பையனையும் துணிப்பையையும் கொண்டுபோய் வீட்டுக்காரர் மடியில் வைத்தேன். "இனி பொழுது சாயற வரைக்கும் உங்களுதுங்க" என்று சொல்லிவிட்டு முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு ரோமர் புத்தகம் எட்டாம் அதிகாரம் பேசினார்கள். இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். எனக்கு அது பெரிய விஷயம். அவர் என்ன செய்தார் தெரியுமா? பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றி நடந்திருக்கிறார். அவன் தூங்கிவிட்டான். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு அப்பாக்கள் பிள்ளைகளோடு அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். மூன்று பேரும் திருப்பூர் நூல் விலையைப் பேசியிருக்கிறார்கள். ஒன்றும் முழுகிப்போகவில்லை. 'ஆம்பளைங்க கையில பிள்ளை நிக்காது' என்பவர்கள் அந்த வேப்பமரத்தடியைப் பார்த்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஞானஸ்நானம். நம் சபையில் முழுக்கு ஞானஸ்நானம்தான், குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. கைக்குழந்தைகளை ஜெபித்துப் பிரதிஷ்டை மட்டும் செய்வார்கள். மே மாதத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஏது, தார்ப்பாய் விரித்துத் தொட்டி கட்டி, லாரித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஒரு வயதானவரைப் போதகர் தண்ணீரில் முழுக்கி எடுத்ததும் என் மகள் பந்தலே கேட்கும்படி, "ஏம்மா அந்தத் தாத்தாவ முக்குறாங்க, அவரு சேட்டை பண்ணாரா?" என்றாள். சுற்றிலும் சிரிப்பு. பெரியவர் சொட்டச் சொட்டத் தலையைத் துடைத்துக்கொண்டே, "நெறையப் பண்ணீட்டேன் கண்ணு" என்றார்.

அப்புறம் காற்றும் கோடை மழையும் வந்து பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லாரும் வகுப்பறைகளுக்குள் ஓடினோம். ஞாயிற்றுக்கிழமை அலுவல் கூட்டமும் அறிக்கைகளும்தான். கைக்குழந்தை இருந்தால் காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

நான் சபையைக் குறை சொல்கிறேன் என்று யாராவது எடுத்துக்கொண்டால், என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் பூடானுக்கும் சேர்த்து எங்கள் சபையின் தலைமை அலுவலகம் நம் ஓசூரில்தான் இருக்கிறது. இவ்வளவு பெரிய சபைக்குத் தாய்மார் அறையின் பக்கம் ஒரு ஸ்பீக்கர் திருப்பிக் கட்ட முடியாதா என்றுதான் கேட்கிறேன். உங்கள் கூட்டத்தில் கட்டியிருந்தால் சந்தோஷம். கட்டாவிட்டால், வெள்ளிக்கிழமை ராத்திரியே மைக் செட்காரரிடம் நேராகச் சொல்லுங்கள். கமிட்டியிடம் சொன்னால் தீர்மானம் போடுவார்கள். மைக் செட்காரர் ஏணியை எடுப்பார். உட்காரும்போது ஸ்பீக்கர் பெட்டி பக்கம் போகாதீர்கள், பிள்ளை திடுக்கிட்டுவிடும். ஓரத்து வரிசையில், எழுந்து போக வழி இருக்கிற நாற்காலியாகப் பாருங்கள். கொசுவலை கட்டாயம்.

நகை பற்றிக் கேட்டீர்கள். எங்கள் சபையில் நகை அணிவதில்லை என்பது பழைய பழக்கம். என் காதிலும் ஒன்றும் கிடையாது. என் பெரியம்மா பிள்ளைகளுக்குத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினபோது நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஏக்கம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கூட்டத்தில் யாரும் உங்களைத் தோட்டைக் கழற்றச் சொல்லமாட்டார்கள். ஒரு சிலர் பார்ப்பார்கள். அந்த வெள்ளைச் சேலைப் பெரியம்மா மாதிரி யாராவது கேட்டால், "அத்தைகிட்ட கேட்டுச் சொல்றனுங்க" என்று சொல்லிவிடுங்கள். உங்களைக் கூப்பிட்டது உங்கள் மாமியார்தானே, பதிலையும் அவரே சொல்லட்டும். சின்னவன் இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தால் அதையும் கழற்றவேண்டியதில்லை. என் பையனுக்கு இருந்தது, என் அம்மாயி கட்டிவிட்டது.